பெருநாள் டூட்டி

உக்கடம், கோவை
20-3-1994

அன்புள்ள அண்ணன் யூனுஸ் அவர்களுக்கு, தங்கை ரம்ஜான் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நானும் உங்கள் மச்சானும் பிள்ளைகளும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். நோன்பு முடிந்த கையோடு எனக்கு வருகிற தலைசுற்றல்கூட இந்த வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. நீங்களும் தாஜுன்னிசா அண்ணியும் பெண்கள் இரண்டு பேரும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணிக்கு மூட்டுவலி தேவலையா?

பெருநாள் அன்று சாப்பிட்ட கை காய்வதற்குள் எல்லோரையும் வாரிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினீர்கள். போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு கார்டு போடக் கூடாதா? காங்கேயம் ஊருக்கே வெளிச்சம் போடுகிற லைன்மேன் வீட்டில் கார்டு எழுத வெளிச்சம் இல்லையோ? உங்கள் ஆபீஸ் சிநேகிதர் அழகிரிசாமிக்கு என்று ஒரு தூக்குப்போசி நிறையப் பிரியாணி கொடுத்து விட்டேனே, என்ன சொன்னார்? நன்றாக இருந்தது என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம்.

ஒரு நல்ல சேதி. எங்கள் அடுத்த தெருவில் மெஹராஜ் அக்கா வீட்டு மாடி காலியாகப் போகிறது. உங்களுக்கு லைன் இன்ஸ்பெக்டர் பதவி உயர்வு வந்து கோவைக்கு மாற்றலும் ஆனால் அந்த மாடிக்கே வந்துவிடலாம். இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். அத்தாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்பது நீங்கள்தான், அது பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தால் எப்படி? வாசலில் நின்று "அண்ணே" என்று கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்க வேண்டும்.

பெண்களுக்கு என் முத்தம். துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரம்ஜான்


காங்கேயம்
6-4-1994

அன்புத் தங்கை ரம்ஜானுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

நாங்கள் நலம். அண்ணி மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தீர்ந்துவிட்டது. கார்டு போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே சூழ்நிலை சரியில்லை.

அழகிரிசாமி ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். எண்ணெய் மில் இருக்கிற தெருவில் ஒரு கம்பத்தில் ப்யூஸ் போட ஏறியிருக்கிறான். ஏணி வழுக்கிவிட்டது. தொடை எலும்பு முறிவு. கரண்டு அடிக்கவில்லை, அந்த மட்டில் தப்பித்தான். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருக்கிறார்கள். தினமும் டூட்டி முடிந்து போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அவன் மனைவி ராமாமணி ஒண்டியாகப் பார்த்துக்கொள்கிறாள். அவர்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, உனக்குத் தெரியும்.

தூக்குப்போசி பத்திரமாக இருக்கிறது. வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன். மாடியைப் பற்றி இப்போது ஒன்றும் பேசி முடிக்க வேண்டாம்.

மச்சானுக்கு ஸலாம் சொல்.

யூனுஸ்


உக்கடம்
13-4-1994

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது என்பதைத் தவிர இங்கே குறை ஒன்றும் இல்லை. அண்ணிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அழகிரிசாமி அண்ணன் விழுந்த சேதி படித்து மனசு கேட்கவில்லை. மச்சானின் இரும்புக் கடைக்கு வருகிற ஒருவர் உங்கள் மின்வாரியத்தில்தான் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். வேலை செய்யும்போது அடிபட்டால் அதற்குத் தனி விடுப்பு இருக்கிறதாம். முழுச் சம்பளமும் கிடைக்குமாம், எழுந்து நடமாடுகிறவரைக்கும் சொந்த லீவில் கை வைக்கமாட்டார்களாம். "அதுக்குத்தானுங்க சர்க்கார் மாதிரி உத்தியோகங்கிறது" என்றார். ஆகவே ராமாமணி அக்காவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். எலும்பு கூடினால் போதும், சம்பளம் தானாக வரும்.

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். எங்கே விழுந்தார், எப்படி விழுந்தார் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். என்றைக்கு விழுந்தார் என்று எழுதவில்லை. பிரியாணி எப்படி இருந்தது என்றும் எழுதவில்லை. நான் கொடுத்து அனுப்பியதைப் பற்றிக் குறை சொல்லாமல் நீங்கள் விட்டதே இல்லை.

அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள். பெருநாள் அன்று நீங்கள் இங்கே இருந்தீர்கள். உங்களுக்கு லீவு யார் கொடுத்தது?

ரம்ஜான்


காங்கேயம்
4-5-1994

அன்பு ரம்ஜானுக்கு, ஸலாம்.

உடம்புக்கு எல்லோரும் சுகம்தான். தூக்கம்தான் சரியில்லை, எனக்கு மட்டும்.

நீ கேட்டதற்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தேன். வேறு யாராவது கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். உன்னிடம் வரவில்லை.

அவன் விழுந்தது பெருநாள் அன்றுதான். நான் உன் வீட்டுப் பாயில் உட்கார்ந்து சேமியா சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். எனக்குச் சேதி தெரிந்தது சாயங்காலம் தூக்குப்போசியோடு ஆபீஸ் படியேறிய பிறகு.

கரண்டுக்குப் பண்டிகை கிடையாது, யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அழகிரியின் முறையை நான் பார்ப்பேன். நம் இரண்டு பெருநாளுக்கும் என் முறையை அவன் பார்ப்பான். நான் இந்த ஆபீசுக்கு வந்த நாளிலிருந்து இப்படித்தான். ஊருக்குப் போகிறவன் முதல்நாள் சாயங்காலமே வருகை நோட்டில் மறுநாள் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். ஆக, நோட்டின்படி பெருநாள் அன்று நான் வேலையில் இருந்தேன். அவனுக்கு வார ஓய்வு.

எனக்கு லீவு இல்லாமல் போனதா என்று கேட்பாய். இருந்தது. தற்செயல் விடுப்பு மொத்தமும் தொடாமல் அப்படியே இருந்தது. நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு அவனை முறைப்படி வேலைக்குப் போட்டிருப்பார்கள். கேட்டால், "நான் ஒருத்தன் கல்லாட்ட இருக்கறப்ப உங்களுக்கு எதுக்கு பாய் லீவு?" என்பான். தீபாவளிக்கு நானும் அதையேதான் அவனிடம் சொல்வேன். லீவு எழுதிக் கொடுத்தால் ஒருத்தரை ஒருத்தர் நம்பாத மாதிரி இருக்கும் என்று எங்களுக்கு ஒரு கிறுக்கு.

வேலையில் விழுந்தவனுக்கு மச்சானின் கடைக்கு வருகிறவர் சொன்ன விடுப்பு நிஜம்தான். ஆனால் எழுத்துப்படி இவன் ஓய்வு நாளில் விழுந்தவன். வலியோடு படுத்திருந்தவனிடம் ஆபீசிலிருந்து போய்க் கேட்டபோது, தெரிந்தவர் கூப்பிட்டார், என் இஷ்டத்துக்கு ஏறினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். நான் போவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டான். இப்போது அவனுடைய சொந்த மருத்துவ விடுப்பு கழிந்துகொண்டிருக்கிறது. போன வருஷம் மஞ்சள்காமாலையில் படுத்தபோதே அதில் பெரும்பங்கு போய்விட்டது. அது தீர்ந்தால் ஈட்டிய விடுப்பு, அப்புறம் அரைச் சம்பளம், அப்புறம் ஒன்றும் இல்லை. நடக்க ஒரு வருஷம்கூட ஆகலாம் என்கிறார் டாக்டர்.

நடந்ததை ஆபீசில் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

யூனுஸ்


உக்கடம்
7-5-1994

அண்ணன் அவர்களுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட எனக்கு நிதானம் இல்லை. தபால்காரர் தெருமுனை தாண்டுவதற்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

வாயைத் திறக்காதீர்கள். நுணலும் தன் வாயால் கெடும். வேலையில் இல்லாத நாளுக்குக் கையெழுத்துப் போட்டேன் என்று நீங்களே போய்ச் சொன்னால் உங்களை என்ன செய்வார்கள்? உங்களுக்கு இரண்டு பெண்கள். அண்ணி நோயாளி. பதவி உயர்வு கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அவரே மனசறிந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் உங்களைக் காப்பாற்ற நினைத்தார், நீங்கள் அதைப் போட்டு உடைப்பீர்களா?

உதவி செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. அரிசி பருப்பு வாங்கிப் போடுங்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருங்கள். நானும் முடிந்ததைச் செய்கிறேன். ஆனால் வாய் மட்டும் வேண்டாம். உங்கள் தங்கை காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மெஹராஜ் அக்கா மாடியை எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறாள். அதையும் யோசியுங்கள்.

ரம்ஜான்


காங்கேயம்
26-6-1994

ரம்ஜானுக்கு ஸலாம். அனைவரும் நலம். உன் நலமும் அப்படியே இருக்கட்டும்.

நீ சொன்னபடி இருக்கிறேன்.

அழகிரிக்கு மருத்துவ விடுப்பு முடிந்துவிட்டது. ஈட்டிய விடுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. ராமாமணி தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போகிறாள். வெயிலில் கொப்பரை காயவைக்கிற வேலை. நான் அரிசி வாங்கிக்கொண்டு போனால் வாங்கி வைத்துக்கொள்கிறாள், நன்றாகத்தான் பேசுகிறாள். எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

எலும்பு சரியாகச் சேரவில்லை, கோவை பெரிய ஆஸ்பத்திரியில் பிளேட் வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அழைத்து வருகிறோம். ராமாமணி தங்குவதற்கு உன் வீட்டில் இடம் கொடுப்பாயா? ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரம் என்பதால் கேட்கிறேன்.

யூனுஸ்


உக்கடம்
9-8-1994

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பிள்ளைகள் நலம். மச்சானுக்கு ஜலதோஷம், அதுவும் போய்விடும். அழகிரிசாமி அண்ணனையும் ராமாமணி அக்காவையும் நேற்று வேனில் ஏற்றிவிட்டேன், இந்நேரம் பார்த்திருப்பீர்கள். பிளேட் நன்றாக அமைந்துவிட்டது என்றும், காலை ஊன்ற இன்னும் மாதக்கணக்கில் ஆகும் என்றும் டாக்டர் சொன்னார். அதற்குள் அவருடைய லீவு எல்லாம் முடிந்து சம்பளமே நின்றுவிடும் என்பது எனக்கும் இப்போது தெரியும்.

அண்ணே, ராமாமணி அக்கா என் வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி உங்களுக்கு எழுதியாக வேண்டும். இங்கே வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

அக்கா வந்த நாளிலிருந்து நான் விழுந்து விழுந்து கவனித்தேன். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இட்லி கட்டிக் கொடுத்தேன். மத்தியானம் ஒரு நாள் மட்டன், ஒரு நாள் மீன். என் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே படுத்தேன். மச்சான்கூட, "உன் மாமியா இருந்தப்பக்கூட நீ இப்பிடிக் கவனிக்கலியே" என்று கிண்டல் செய்தார். எனக்குள் இருந்த உறுத்தல் அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு நாள் மெஹராஜ் அக்கா வந்திருந்தாள். பேச்சுவாக்கில், "எப்பிடியம்மணி உங்க ஊட்டுக்காரரு விழுந்தாரு?" என்று கேட்டுவிட்டாள். ராமாமணி அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "லீவு நாளுங்க. வேலையத்துப் போயி ஏறியிருக்காரு. புத்தி கெட்ட மனுசன்" என்று சொல்லிவிட்டு, கீரை ஆய்வதில் கவனமாக இருந்தாள். கட்டிய புருஷனை அடுத்தவர் முன்னால் புத்தி கெட்டவன் என்று சொல்ல வைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

மெஹராஜ் அக்கா போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, எனக்கு எல்லாம் தெரியுமுங்க" என்றேன்.

"எனக்குந்தானுங்க தெரியும். அன்னிக்குக் காலையில அவருக்குச் சோறு கட்டிக் குடுத்தனுப்புனவ நாந்தானே?" என்றாள்.

"பின்னே ஏனுங்கக்கா யாருகிட்டயும் சொல்லலை?"

"என்ற காலுதான் போயிருச்சு, பாய்க்கு எதுக்குப் புள்ள பொழப்புப் போவோணும்னாரு. அவரு பேச்சை நான் மீறுனதில்லீங்க." அப்புறம் கீரைத்தண்டைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்: "அம்மணி, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாதுங்க. இத்தனை கறி மீனு எனக்கு ஆக்கிப் போடாதீங்க. நீங்க இப்பிடிக் கவனிக்கக் கவனிக்க எனக்கு வாய் தொறந்துக்கும் போல இருக்குதுங்க."

இதைக் கேட்டதும் எனக்குச் சவுக்கால் அடித்தது போல இருந்தது. நான் அவளுக்கு ஆக்கிப் போட்டது அத்தனையும் அவள் வாயை அடைக்கத்தான் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவளோ, எதையும் வாங்கிக்கொள்ளாமலே வாயை மூடி வைத்திருக்கிறாள்.

மே மாதம் உங்களுக்கு நான் எழுதிய கடிதத்தை அல்லாஹ் மன்னிக்கட்டும். பெண்கள், அண்ணி என்று என்னென்னவோ எழுதினேன். அதெல்லாம் அப்புறம். நீங்கள் அடுத்த தெருவுக்கு வந்துவிட வேண்டும், அதுதான் என் எண்ணம் முழுக்க. அதற்காக ஒரு மனுஷனுடைய சம்பளத்தை நிறுத்தவும் துணிந்தேன்.

சொல்லிப்போடுங்கள் அண்ணே. நாளைக்கே சொல்லுங்கள். பெருநாள் அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி கேட்டால் நான் இருக்கிறேன். தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நேரில் வரச் சொன்னாலும் வாரேன்.

ரம்ஜான்


காங்கேயம்
2-9-1994

அன்பு ரம்ஜானுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

நாங்கள் சுகம். இப்போது தூக்கம் வருகிறது.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே உதவிப் பொறியாளர் முன்னால் போய் நின்றேன். முழுசும் கேட்டுவிட்டு, "இதை எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமில்லீங்க?" என்றார். தெரியும் என்றேன். எழுதிக் கொடுத்தேன்.

பிறகு விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஒருவர் வந்தார். நான் அன்று கோவையில் இருந்ததற்கு ஆதாரம் கேட்டார். உன் தாளைக் கொடுத்தேன். 'மத்தியானம் என் வீட்டில்தான் சாப்பிட்டார், கறியில் உப்பு குறைவு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார், அதை நான் மறக்கமாட்டேன்' என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும் மனுஷருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது உண்மையான சாட்சிதானுங்க" என்று பைலில் வைத்துக்கொண்டார். எண்ணெய் மில் தெருக்காரர்களும், கரண்டு இல்லை என்று ஆபீசில் சொல்லித்தான் அழகிரி வந்தான் என்று சொன்னார்கள்.

எனக்குச் சம்பள உயர்வை நிறுத்திவிட்டார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. இனி எப்போது வரும் என்றும் சொல்வதற்கில்லை. அந்த நாளை விடுப்பில்லாமல் வராத நாள் என்று எழுதிவிட்டார்கள். வேலை இருக்கிறது, அதுவே போதும். அண்ணி ஒரு நாள் அழுதாள், மறுநாள் சரியாகிவிட்டாள். அழகிரியின் விடுப்பைப் பற்றி உத்தரவு மேலிடத்திலிருந்துதான் வர வேண்டும்.

வருத்தம் என்னவென்றால் அழகிரி என்னோடு பேசுவதில்லை. பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு அவனுக்கும் ஒரு மெமோ. ஆனால் கோபம் அதற்கில்லை. நான் வீட்டுக்குப் போனபோது, "நான் ஒரு பேச்சுப் பேசுனேன். அதைப் பொய்யாக்கிப்போட்டீங்க. போயிட்டு வாங்க பாய்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ராமாமணி வாசல்வரை வந்து, போய்வரச் சொல்லித் தலையசைத்தாள். சைக்கிளை மிதிக்க முடியாமல் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன்.

நீ எதற்கும் உன்னை நொந்துகொள்ளாதே. உன் கடிதம் வராவிட்டாலும் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். நிச்சயமாகத் தெரியவில்லை.

யூனுஸ்


உக்கடம்
12-9-1994

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, ஸலாம். எல்லோரும் இருக்கிற இடத்தில் சௌக்கியம்.

மெஹராஜ் அக்கா மாடிக்கு நேற்று வேறு ஆட்கள் பால் காய்ச்சிவிட்டார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். அத்தா இருந்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார்.

பேசாவிட்டாலும் தினமும் போய்வாருங்கள். திரும்பிப் படுத்தால் முதுகிடம் பேசிவிட்டு வாருங்கள். எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுஷன் சுவரைப் பார்ப்பான்?

ரம்ஜான்


காங்கேயம்
18-12-1994

அன்புத் தங்கைக்கு, ஸலாம்.

மூட்டுவலிக்கு நீ அனுப்பிய இரண்டாவது தைலம் நன்றாகக் கேட்கிறது என்று அண்ணி எழுதச் சொன்னாள். சின்னவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது எழுந்து ஓடுகிறாள். உங்களுக்கெல்லாம் எப்படி?

உத்தரவு வந்துவிட்டது ரம்ஜான். விழுந்த நாளிலிருந்து வேலைக்குத் திரும்புகிறவரை எல்லாமே வேலையில் அடிபட்டதற்கான விடுப்பு, முழுச் சம்பளம். கழித்த மருத்துவ விடுப்பையும் ஈட்டிய விடுப்பையும் அவன் கணக்கிலேயே திருப்பிச் சேர்த்துவிட்டார்கள். நின்றிருந்த சம்பளமும் வந்துவிட்டது. ராமாமணி களத்து வேலையை நிறுத்திவிட்டாள்.

இனிக் கம்பம் ஏற முடியாது, உட்கார்ந்து செய்கிற வேலை செய்யலாம் என்று டாக்டர் சான்று கொடுத்து, திங்கட்கிழமை அவன் வேலைக்குச் சேர்ந்தான். புகார் போன் பக்கத்தில் நாற்காலி. கக்கத்தில் கட்டையோடு படியேறி வந்தான். எல்லோரையும் விசாரித்தான். என்னைத் தவிர. நீ சொன்னபடி நான் இத்தனை மாதம் முதுகிடம் பேசிக்கொண்டிருந்தது வீணோ என்று நினைத்துக்கொண்டு ப்ளையரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து உதவிப் பொறியாளரிடம், "பழைய வருகை நோட்டு ஒண்ணு பாக்கலாமுங்களா?" என்று கேட்டான். அவர் எடுத்துக் கொடுத்தார். பெருநாள் தேதியைத் தேடிப் பிரித்து வைத்துக்கொண்டான். விசாரணைக்குப் பிறகு அந்த நாளில் என் கையெழுத்தைச் சிவப்பு மையில் அடித்து, அவன் பெயருக்கு எதிரே 'பணியில் இருந்தார்' என்று எழுதி மேலதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதை விரலை வைத்துப் படித்தான்.

"பாய், இங்க வாங்க" என்றான்.

ப்ளையரைக் கீழே வைத்தேன். போனேன்.

"இத்தனை வருசம் உங்க பெருநாளுக்கெல்லாம் நான் வேலை பாத்திருக்கறனுங்க. எழுத்துல ஏறுனது இந்த ஒரு நாளுதான்" என்றான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "பொய் சொல்லி என்ற நாளை நானே அழிக்கப் பாத்தேன். நீங்க விடலை."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனே சிரித்து, "நீங்க பாத்த தீபாவளி எதுவுமே எழுத்துல இல்லீங்களே, பாய். அதுக்கு யாரு போயி விழறது?" என்றான். அன்று மத்தியானம் அவன் கொண்டுவந்த சோற்றைத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

இனி மாற்றிக்கொள்வது கூடாது என்று உத்தரவு. பண்டிகை முறையெல்லாம் பெயர் வரிசைப்படி எழுதி ஒட்டிவிட்டார்கள். அந்த வரிசை செய்த வேடிக்கையைக் கேள்: இந்தத் தீபாவளிக்கு எனக்கு ஓய்வு கிடைத்தது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வருகிற நோன்புப் பெருநாளுக்கு எனக்கு டூட்டி. லீவு எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கு ஆள் பற்றாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, கம்பம் ஏறுகிறவர்களில் ஒருவன் குறைந்துவிட்டானே. ஆகவே இந்த முறை நான் வர முடியாது. அண்ணியையும் பெண்களையும் மட்டும் அனுப்பி வைக்கிறேன். நான் இல்லாமல் நீ கொண்டாடுகிற முதல் நோன்புப் பெருநாள். மனசைத் தேற்றிக்கொள்.

யூனுஸ்


உக்கடம்
12-2-1995

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நோன்பு பிடித்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து கொஞ்சம் தள்ளாடும், உடம்புக்கு ஒன்றும் இல்லை. மச்சானும் பிள்ளைகளும் நோன்போடு நலம். நீங்கள் வெயிலில் கம்பம் ஏறிக்கொண்டு எப்படி நோன்பு வைக்கிறீர்களோ, அல்லாஹ் பலம் கொடுக்கட்டும்.

அண்ணியையும் பெண்களையும் அனுப்ப வேண்டாம்.

பெருநாளுக்கு முதல்நாள் பல்லடம் வழிப் பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் அங்கே வாரோம். அரிசி, கறி, மசாலா ஒன்றுக்கும் அண்ணி அலைய வேண்டாம். மச்சான் கடையை இரண்டு நாள் சாத்திவிடுகிறார், அவருக்கு லீவு கொடுக்க மேலதிகாரி நான்தான். சமையல் ராமாமணி அக்காவும் நானும் சேர்ந்து. நான் பாட்டுக்கு ஆக்குவேன், அவள் பாட்டுக்குப் பேசட்டும்.

நீங்கள் யாரிடமும் போய் லீவு கேட்டு நிற்காதீர்கள். தொழுகை முடிந்ததும் புதுச்சட்டையோடு ஆபீசுக்குப் போய் உங்கள் பெயருக்கு நேரே நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போங்கள். நிதானமாக ஏறுங்கள், நிதானமாக இறங்குங்கள். நீங்கள் வருகிறவரை வீட்டில் ஒருவரும் கை நனைக்கமாட்டோம்.

உங்கள் தங்கை,
ரம்ஜான் பீவி